மலைப்பாதையில் தீயணைப்பு வண்டி: உயவும் பராமரிப்பும் - கேள்வி பதில்

நீலகிரியில் தீயணைப்பு வண்டிகளை ஓட்டியும் பராமரித்தும் பணிநிறைவு பெற்ற ஓட்டுநர்-மெக்கானிக் ஒருவர், வாசகர்களின் ஐயங்களுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி (உதகை, மாறுதலாகி வந்த ஓட்டுநர்): ஐயா, சமவெளியில் உலர் வெற்றிடச் சோதனையின்போது (நீரில்லாத பம்பிலிருந்து காற்றை உறிஞ்சி, கசிவு உண்டா எனப் பார்ப்பது) 22 அங்குலப் பாதரசம் காட்டிய அதே வண்டி, இங்கு 17 அங்குலத்திற்கு மேல் ஏற மறுக்கிறது. பிரைமரை (பம்பிலிருந்து காற்றை வெளியேற்றும் கருவியை) பிரித்துப் பார்க்கலாமா?

பதில்: பிரிக்க வேண்டாம். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 23 அங்குலம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இருப்பதே அவ்வளவு என்னும்போது, அதிலிருந்து 22 அங்குலத்தை உறிஞ்ச எந்தப் பிரைமராலும் இயலாது. 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஓர் அங்குலத்தைக் கழித்துக்கொள்வது வழக்கம். உதகை சுமார் 7,350 அடி ஆதலால், உங்கள் 17 அங்குலம் குறையில்லாத அளவே.

எட்டிய அளவைவிட, அது நிற்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். பிரைமரை நிறுத்திய பின் ஐந்து நிமிடங்களில் முள் 10 அங்குலத்திற்கு மேல் இறங்கினால், உறிஞ்சுகுழாய் வாஷர், வடிகால் குழாய்த் திருகு, வால்வின் இருக்கை, பம்பின் கிளாண்ட் (சுழல்தண்டு வெளிவரும் இடத்திலுள்ள அடைப்பு) என ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். இதே காரணத்தால் ஏரியிலிருந்தோ ஓடையிலிருந்தோ நீர் எடுக்கும் உயரமும் குறையும்: கோட்பாட்டின்படி 10.3 மீட்டர் இருக்க வேண்டியது இங்கு 8 மீட்டரை எட்டாது. குழாய் உராய்வும் பிற இழப்பும் போக, ஐந்து மீட்டரைத் தாண்டி நம்பாதீர்கள். வண்டியை நீருக்கு எவ்வளவு அருகில் நிறுத்த முடியுமோ அவ்வளவு அருகில் நிறுத்துங்கள்.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் வண்டி மாதத்தில் சில கிலோமீட்டர்களே ஓடுகிறது. கிரீஸ் வைக்கும் இடைவெளியை நீட்டலாமா?

பதில்: கிலோமீட்டரை மட்டும் பார்த்து நீட்டாதீர்கள். நின்ற இடத்திலேயே பம்பை இயக்கும் எஞ்சினுக்கு ஒரு மணி நேரம் என்பது ஏறத்தாழ 40 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டத்திற்குச் சமமாகக் கொள்ளப்படுகிறது. எனவே எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமானியையும் நாள்காட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூடுபனியும் இரு பருவமழைகளும் இருக்கும் ஊரில், ஓடாத வண்டியின் ஸ்பிரிங் பின்களும் கிராஸ் ஜாயின்ட்டுகளும் (சுழல்தண்டுகளை இணைக்கும் சிலுவை வடிவ மூட்டுகள்) ஓடும் வண்டியினதைவிட விரைவாகத் துருப்பிடிப்பதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் நிப்பிளை (கிரீஸ் ஏற்றும் முனையை) துணியால் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை கிரீஸ் கன்னை அழுத்துங்கள். கிராஸ் ஜாயின்ட்டில் நான்கு மூடிகளிலும் அது வெளிவர வேண்டும். கிங் பின்னுக்கு (முன் சக்கரம் திரும்ப உதவும் அச்சாணிக்கு), முன் அச்சை ஜாக்கியில் தூக்கிச் சுமையை விடுவித்தால்தான் கிரீஸ் உள்ளே பரவும். லித்தியம் கிரீஸ் இருந்த இடத்தில் வேறு வகையைக் கலக்காதீர்கள். கலவை இளகி வடிந்துவிடக்கூடும். அழுத்த நீரால் வண்டியைக் கழுவிய பிறகும் ஒருமுறை கிரீஸ் வைப்பது நல்லது.

கேள்வி (கொடைக்கானல்): பிரேக்கின் காற்றுத் தொட்டியில் சேரும் நீரை நாள்தோறும் வடிக்கத்தான் வேண்டுமா?

பதில்: ஆம். ஈரமான காற்றை அழுத்தினால் நீர் பிரியும். அது குளிர்காலத்தில் உறைந்து வால்வை அடைத்தால், கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கத் தயங்கும். வடியும் நீரில் எண்ணெய் கலந்திருந்தால் கம்ப்ரஸரைப் பாருங்கள்.

கேள்வி (குன்னூர், தேயிலைத் தொழிற்சாலை): பம்பின் கிளாண்டில் சொட்டும் நீரை இறுக்கி முழுவதும் நிறுத்திவிட்டோம். சரிதானா?

பதில்: பேக்கிங் கயிறு வைத்த கிளாண்ட் என்றால் தவறு. பம்பு ஓடும்போது சில சொட்டுகள் விழத்தான் வேண்டும். அந்த நீரே தண்டையும் கயிற்றையும் குளிர்வித்து உயவுப்பொருளாக நிற்கிறது. மெக்கானிக்கல் சீல் (கயிற்றுக்குப் பதில் இரு வழவழப்பான வளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தி அடைப்பது) என்றால் சொட்டவே கூடாது. ஆனால் அதை நீரின்றி ஓட விட்டால் சிறிது நேரத்திலேயே சீல் கருகிவிடும்.

கேள்வி (உதகை): குழாய் இணைப்பு வாஷர்களில் கிரீஸ் பூசலாமா?

பதில்: இயற்கை ரப்பராயின் கூடாது, கனிம எண்ணெய் பட்டால் உப்பிவிடும். சிலிக்கோன் கிரீஸ் மெல்லிதாகப் பூசலாம்.