பழைய வரைபடம் வாங்குவோர் கேள்விகள்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் அச்சான வரைபடங்களைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். சேகரிக்கும் ஆசை அதிலிருந்து வந்தது. தெரிந்ததைச் சொல்கிறேன். விலை மதிப்பீடு மட்டும் செய்வதில்லை.

கேள்வி: ஐயா, இப்போதுதான் தொடங்குகிறேன். அசல் எது, நகல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபிரேமிலிருந்து வெளியே எடுத்துக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். இன்று இதை இன்னும் பல தடவை சொல்வேன். வரைபடத்தைப் பற்றி முன்பக்கம் சொல்வதைவிடப் பின்பக்கமும் தாளும் அதிகம் சொல்லும்.

அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவை செப்புத் தகட்டு அச்சு. தகட்டில் கோடுகளை இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். மையைக் கோடுகளுக்குள் தேய்த்து நிரப்பி, மேல்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுப்பார்கள். அந்த அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு தாளில் செவ்வகப் பள்ளமாகப் பதிந்துவிடும். படத்தின் கரைக்கு வெளியே விரலை மெதுவாக ஓட்டினால் படிக்கட்டு போலத் தட்டுப்படும். ஆனால் அது மட்டும் போதாது. நகல் செய்பவர்களும் அந்தப் பள்ளத்தைப் போடுகிறார்கள்.

அடுத்தது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கோடு முழுக் கோடாக, மை சற்றே மேடாகத் தெரிய வேண்டும். ஒழுங்கான வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் எடுத்த நகல். அப்புறம் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கந்தல் துணியைக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் கையால் அள்ளிச் செய்த தாள் அது. நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கம்பித் தடங்களும் தெரியும். தாள் செய்பவர் தாளுக்குள்ளேயே பதித்த அடையாளமான நீர்க்குறி இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாசலில் 1540 முதல் வெளிவந்த செபாஸ்டியன் மூன்ஸ்டரின் படங்கள் மரக்கட்டை அச்சு. அதில் தகட்டுப் பள்ளம் இருக்காது. பள்ளம் இல்லையே என்று நல்ல மூன்ஸ்டரைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் ஒரு பழைய ஆசியா படம் இருக்கிறது. என்ன விலை போகும்?

விலை சொல்வதில்லை. ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதே படம், அதே பதிப்பு, அதே நிலை என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆபிரகாம் ஒர்ட்டேலியஸின் கீழை இந்தியப் படம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. '1570' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

நல்ல கேள்வி. ஒர்ட்டேலியஸ் தன் அட்லஸை 1570 மே மாதம் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்டார். முதல் பதிப்பில் 53 படத்தாள்கள். தொழிலை அவர் தொடங்கியதே மற்றவர்களின் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டித்தான். அவர் 1598இல் இறந்த பிறகும் அட்லஸ் 1612 வரை அச்சாகிக்கொண்டே இருந்தது. கடற்கன்னிகள் நீந்தும் அந்தக் கீழை இந்தியப் படம் 1570இலேயே செதுக்கப்பட்டதுதான். ஆனால் உங்களுக்குக் காட்டும் தாள் எந்த ஆண்டில் அச்சானது என்பது வேறு விஷயம். தகடு பிறந்த ஆண்டை எழுதி, நாற்பது ஆண்டு கழித்து அச்சான தாளை விற்பது இந்தச் சந்தையில் சர்வசாதாரணம்.

தாளைத் திருப்புங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அந்த நாட்டைப் பற்றிய விளக்கம் அச்சாகியிருக்கும். லத்தீன், டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், இத்தாலியன் என்று ஏழு மொழிகளில் பதிப்புகள் வந்தன. மொழியைப் பார்த்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும். இத்தாலியன் என்றால் 1608க்கு முந்தியது இல்லை. லத்தீன் என்றால் பல பதிப்புகள் உண்டு. பக்க எண்ணையும், கடைசி வரி எந்தச் சொல்லில் முடிகிறது என்பதையும் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். முன்பக்கத்தையும் விடாதீர்கள். செப்பு மென்மையானது, அச்சடிக்க அடிக்க மலைகளின் நிழல்கோடுகள்தான் முதலில் மங்கும்.

பின்பக்கத்தின் புகைப்படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அந்தக் கால உலகப் படங்களில் தெற்கே பெரிய நிலப்பரப்பு இருக்கிறதே, அது குமரிக்கண்டம்தானே?

இல்லை. ஒர்ட்டேலியஸ் அதன் மேலேயே 'இன்னும் அறியப்படாத தென்நிலம்' என்று லத்தீனில் எழுதியிருக்கிறார். வடக்கே இவ்வளவு நிலம் இருந்தால் தெற்கேயும் ஈடாக இருக்க வேண்டும் என்பது பழைய கிரேக்க ஊகம். மெகல்லன் ஜலசந்திக்குத் தெற்கே தெரிந்த தீவு அந்த நிலத்தின் வடகரை என்று நம்பி மொத்தத்தையும் வரைந்துவிட்டார்கள். 1772 முதல் 1775 வரை ஜேம்ஸ் குக் தென்கடலைச் சுற்றி வந்த பிறகுதான் அந்த ஊகம் ஒழிந்தது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லும் லெமூரியா என்ற பெயர் அதற்கும் பிந்தியது. 1864இல் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது. இரண்டையும் முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை. இதே கேள்வி இன்னும் நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் இதுவே பதில்.

கேள்வி: பீரி ரெய்ஸ் வரைபடம் பற்றி?

அது 1513இல் ஒட்டோமான் கடற்படைக்காரர் கையால் வரைந்தது, இஸ்தான்புல் டோப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. அச்சுப் படம் அல்ல, என் துறையும் அல்ல.

கேள்வி: நான் வாங்கிய புளாவ் படத்தில் பச்சை வண்ணம் தீட்டிய இடமெல்லாம் பழுப்பாகி விரிசல் விட்டிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாம் வரைபட வெளியீட்டாளர் புளாவின் காலத்தில் அந்தப் பச்சையைச் செம்பிலிருந்து எடுத்தார்கள். காலப்போக்கில் அது தாளையே அரிக்கும். பின்னால் திருப்பினால் பச்சைக் கோடுகள் ஓடும் இடங்களில் அதே வடிவில் பழுப்பு ஊறியிருக்கும். வண்ணம் பழையது என்பதற்கு அது நல்ல அறிகுறி. முன்பக்கம் பளிச்சென்று பச்சையாக இருந்து பின்பக்கத்தில் எதுவுமே தெரியாவிட்டால், அண்மையில் தீட்டிய வண்ணமாக இருக்க வாய்ப்பு அதிகம். விரிசலுக்கு நீங்களே பசை தடவாதீர்கள். பச்சைக்குத் தண்ணீர் ஆகாது. செலோ டேப் கூடவே கூடாது. காகிதச் செப்பனிடுபவரிடம் கொடுங்கள்.

கேள்வி: என் தாத்தா வைத்திருந்த மேப், என்ன விலை?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: நீங்கள் எல்லோரும் ஒற்றைத் தாள்களைத்தான் வாங்குகிறீர்கள். அவை எங்கிருந்து வருகின்றன? முழு அட்லஸைக் கிழித்துத்தானே? நூலைக் கொல்வதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று சொன்னால் தப்பா?

தப்பில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். சந்தையில் இருக்கும் ஒற்றைத் தாள்களில் பெரும்பகுதி அட்லஸிலிருந்து பிரித்தவைதான். ஆனால் எல்லாமே அப்படி அல்ல. ரோம், வெனிஸ் அச்சாளர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஒற்றைத் தாள்களாகவே விற்றார்கள். வாங்கியவர் தனக்குப் பிடித்ததைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஆம்ஸ்டர்டாம் வழக்கறிஞர் வான் டெர் ஹெம், புளாவின் அட்லஸை வாங்கிக் கூடவே ஆயிரக்கணக்கான தாள்களைச் சேர்த்துத் தன் தொகுப்பை உருவாக்கினார். அது இன்று வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது.

அதே நண்பர் மீண்டும்: அது அந்தக் காலம். இன்று பிளேடு வைத்துக் கிழிப்பவனுக்கு இது சாக்காகாதா?

ஆகக் கூடாது. என் நிலை இதுதான்: கட்டமைப்பு முழுதாக இருக்கும் அட்லஸை இன்று பிரிப்பது அழிவு வேலை. பின்பக்க உரை, படங்களின் வரிசை, முதல் உரிமையாளர் கைப்பட எழுதிய குறிப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒரு நூல். பிரித்த மறுநாளே அந்தச் சாட்சியம் போய்விடும். எந்த விலை கொடுத்தாலும் திரும்ப வராது.

இன்னொருவர் (விற்பனைத் தொழிலில் இருப்பவர்): ஐயா, முழு அட்லஸ் கோடிகளில் போகிறது. ஒற்றைத் தாள் இல்லையென்றால் சம்பளக்காரர் ஒருவர் புளாவைக் கையில் தொடவே முடியாது. தண்ணீரில் ஊறி, பாதிப் பக்கம் போன அட்லஸ் எத்தனையோ இருக்கிறதே?

பாதி போனது பல காலம் முன்பே உடைந்தது. அதன் தாளை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. என் சேகரிப்பிலும் அப்படிப்பட்டவை உண்டு. ஆனால் 'குறையுள்ள பிரதி' என்று பெயர் வைத்து முழு நூலைப் பிரிப்பதும் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே விற்பனையாளரிடம், ஒரே அட்லஸின் தாள்கள், ஒரே மாதிரி பூச்சித் துளைகளோடு, அடுத்தடுத்த பக்க எண்களில் வந்தால் அண்மையில் பிரித்த நூல் என்று சந்தேகப்பட வேண்டும். அதை நான் வாங்க மாட்டேன். நீங்களும் விற்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

கிழிப்பதைவிட மோசமானது திருட்டு. 2005இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நூலகத் தரையில் ஊழியர் ஒருவர் ஒரு பிளேடைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர் பெயர் பெற்ற வரைபட வணிகர். கடைசியில் 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார். அவற்றை நல்ல நம்பிக்கையில் வாங்கியவர்கள் பலர். ஆகவே தாளைத் திருப்பும்போது மூன்றைப் பாருங்கள். நடு மடிப்பின் பின்னால் அட்லஸில் கோத்துக் கட்டிய ஒட்டுத்தாள் முழுதாக இருக்கிறதா, அல்லது புதிதாக வெட்டிய விளிம்பா? எங்கேயாவது முத்திரையைச் சுரண்டியதுபோல் தாள் மெலிந்திருக்கிறதா? ஓரம் ஒட்ட நறுக்கியிருக்கிறதா? முன்பு யாரிடம் இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். 'ஐரோப்பிய தனியார் தொகுப்பு' என்ற ஒற்றை வரி போதாது.

கிழிப்பதைப் பற்றி முதலில் கேட்ட நண்பர்: சரி, ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்குபவர் இருக்கும்வரை உடைப்பவர் இருப்பார்.

உண்மை. அதனால்தான் வாங்குபவர் கேள்வி கேட்க வேண்டும் என்கிறேன்.

கேள்வி: சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் வாங்க முடியும். எதில் தொடங்கலாம்?

குட்டி அட்லஸ்களின் படங்களில். ஒர்ட்டேலியஸ் அட்லஸின் கையடக்கப் பதிப்பு 1577 முதல் வந்தது. பெர்ட்டியஸின் சிறு படங்கள் 1600ஐ ஒட்டியவை. உள்ளங்கை அளவில் அற்புதமான செதுக்கு வேலை. 18ஆம் நூற்றாண்டுக்கு வரத் தயார் என்றால் பெலின் என்ற பிரெஞ்சுக்காரரின் கடற்கரைப் படங்கள் அழகானவை; புதுச்சேரியும் அதில் உண்டு. வாங்கும் முன் டேவிட் ரம்சே தொகுப்பையும் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தையும் பாருங்கள். இலவசம், கண் பழகும்.

கேள்வி: சென்னை ஈரத்தில் எப்படி வைப்பது?

அமிலம் இல்லாத உறையில், மடிக்காமல், படுக்கையாக. சுருட்டி வைக்காதீர்கள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மாட்டினால் கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அந்துருண்டை ஈரத்தை எடுக்காது. ராமபாணப் பூச்சி பழைய பசையைத் தேடி வரும், மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

கேள்வி: ஐயா, நீங்கள் சொன்னபடி ஃபிரேமைப் பிரித்தேன். ஒர்ட்டேலியஸின் கீழை இந்தியா. பின்னால் ஆங்கில எழுத்து.

அப்படியா! ஒர்ட்டேலியஸின் பெரிய அட்லஸ் ஆங்கிலத்தில் வந்தது ஒரே ஒரு முறை, 1606இல் லண்டனில். மற்ற சோதனைகளும் சரியாக இருந்தால் அந்த ஒரு பதிப்பின் தாள்தான் உங்களிடம் இருக்கிறது. லத்தீன் தாள்கள் அளவுக்கு அவை கிடைப்பதில்லை. ஃபிரேமுக்குள் இருந்த பழைய அட்டைத் தாங்கியில் மீண்டும் வைக்காதீர்கள். பின்பக்கம் முழுவதையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், கம்பித் தடத்தையும் நீர்க்குறியையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கேள்வி: என்னுடையதும் பழசு, விலை...

மன்னிக்கவும். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், என்ன பதிப்பு என்று சொல்லப் பார்க்கிறேன். விலை இல்லை.

கேள்வி: பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கடையில் லேமினேட் செய்துவிட்டேன். பிரிக்க முடியுமா?

நீங்களாகப் பிரிக்காதீர்கள். சூடுபடுத்தவும் வேண்டாம், மையும் வண்ணமும் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். ஓரத்தை வெட்டாமல் அப்படியே தட்டையாக வைத்துச் செப்பனிடுபவரிடம் கொண்டுபோங்கள். கரைப்பான் எது தாங்கும் என்று ஒரு மூலையில் சோதித்துவிட்டுத்தான் அவர் தொடுவார். முழுதாக மீளும் என்று யாராவது உறுதி சொன்னால் அவரிடம் கொடுக்காதீர்கள்.