பில்லுக்கு ஐந்து ரூபாய்

அன்புள்ள அக்கா,

ஈரோட்டில் பதினெட்டு வருஷமாகப் பெண்களுக்கான தையல் கடை நடத்துகிறேன். எங்கள் தெருவில் ஜவுளி, பேக்கரி, பாத்திரக் கடை என்று பன்னிரண்டு கடைகள் சேர்ந்து, அக்டோபர் முழுக்க பில்லுக்கு 5 ரூபாய் எடுத்துவைத்து மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். "ஆராய்ச்சியெல்லாம் கோடிக்கணக்கில் நடக்கிறது, நம்ம காசு எந்த மூலைக்கு? ஏழை நோயாளி யாருக்காவது கொடுக்கலாம்" என்கிறார் பாத்திரக் கடைக்காரர். பிங்க் பேனர் கட்டினால் வியாபாரமும் கூடும் என்கிறார் இன்னொருவர். இரண்டுமே மனதை உறுத்துகிறது. என்ன சொல்கிறீர்கள்?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

பாத்திரக் கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. நோயாளிக்குக் கொடுப்பதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆராய்ச்சிக்கு நம் காசு எதற்கு என்றால், அவரிடம் ஒரு ஊசியின் கதையைச் சொல்லுங்கள்.

பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஈறில் ஒரு ஊசி போடுவார்களே, லிக்னோகெய்ன். மார்பகக் கட்டியை அறுத்து எடுப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் அதே மருந்தைக் கட்டியைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள் மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள். கத்தி படும் நேரத்தில் புற்று அணுக்கள் வேறு இடத்துக்குப் போவதை இது தடுக்குமா என்பதுதான் கேள்வி. நாட்டின் 11 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 1,600 பெண்கள் பங்கெடுத்தார்கள். முடிவு 2023ல் வெளியானது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 86 பேர் உயிரோடு இருந்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் 90 பேர்.

நூற்றுக்கு நாலு பேர்தானே என்று தோன்றலாம். 2022ல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு போட்ட கணக்கு. அதோடு வைத்துப் பாருங்கள். அந்த மருந்து பழையது, மலிவானது. அதில் எந்தக் கம்பெனிக்கும் பெரிய லாபம் கிடையாது. அப்படிப்பட்ட கேள்வியை அரசுப் பணமும் உங்கள் தெருக்காரர்கள் போன்றவர்களின் பணமும்தான் கேட்க முடியும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று நன்கொடை திரட்டி, 1954ல் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அது.

சரி, பேனர். இந்த நோயின் விழிப்புணர்வுச் சின்னமான பிங்க் ரிப்பன் வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பீச் நிறத்தில் ரிப்பன் செய்து அட்டையில் வைத்துக் கொடுத்துவந்தார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் மூவருக்குமே இந்த நோய். புற்றுநோய்க்கான அரசு நிதியில் வெறும் 5 சதவீதம்தான் நோய்த்தடுப்புக்குப் போகிறது என்று அந்த அட்டையில் எழுதியிருந்தார். 1992ல் ஒரு பத்திரிகையும் அழகுசாதனக் கம்பெனியும் கூட்டுச் சேரக் கேட்டபோது, வியாபாரமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். நிறத்தை மாற்றி அவர்கள் பிங்க் ரிப்பன் கொண்டுவந்தார்கள். அந்தக் கம்பெனியைச் சேர்ந்த ஈவ்லின் லாடர் மறுவருஷம் தொடங்கிய அறக்கட்டளை ஆராய்ச்சிக்கு நிறையவே கொடுத்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஹேலியின் அட்டையில் இருந்த கணக்கு ரிப்பனோடு வரவில்லை.

உங்கள் பேனர் என்ன நிறமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், கணக்கை மட்டும் எழுதிவிடுங்கள். பில்லுக்கு எவ்வளவு, எந்தத் தேதிவரை, எந்த நிறுவனத்துக்கு. கடைக்காரர் கையிலிருந்து போடும் 5 ரூபாய் வேறு, உண்டியலில் வாடிக்கையாளர் போடுவது வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். பணத்தை காசோலையாகக் கொடுங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது. ஆராய்ச்சிக்கு என்று கடிதத்திலும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பொதுக் கணக்கில் போய்ச் சேரும். நவம்பரில் ரசீதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

அப்புறம், நீங்கள் தையல் கடைக்காரர் என்பதால் இது. என் பெரியம்மாவுக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொள்வார். பரண்மேல் கையை நீட்டினால் அது கழுத்துக்கு ஏறிவிடும். சட்டென்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவார். அவருக்குத் தைத்துக்கொடுத்த அக்கா ஒருநாள் கேட்காமலே லைனிங்கில் ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தார். "இதுல பஞ்சு வெச்சுக்கங்க பெரியம்மா" என்றதோடு சரி, கூலி ஏற்றிக் கேட்கவில்லை. பெரியம்மா மறுபடி கல்யாண வீடுகளுக்குப் போக ஆரம்பித்தது அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான்.

மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்ததிலேயே, 50 வயது தாண்டியவர்களில் இந்த நோயால் நேரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. திரைக்குப் பின்னால் அளவு கொடுக்க நிற்கிற பெண்களிடம் நீங்கள் இதைச் சொல்லலாம். வேறு யாரும் சொல்ல முடியாத இடம் அது. "கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் வலி இல்லையென்று விட்டுவிடாதீர்கள், காட்டிவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை போதும்.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஈரோடு வருகிறேன். எனக்கும் இரண்டு ஜாக்கெட் தைக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா