ஓபோவிடம் ஏன் சுருதி வாங்குகிறார்கள்?

கேள்வி: ஆர்கெஸ்ட்ரா தொடங்குமுன் ஓபோ (நாகஸ்வரம் போன்ற மேற்கத்திய ஊதுகருவி) வாசிப்பவர் ஒரு சுரத்தை நீளமாக ஊத, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இத்தனை வயலின் இருக்க, ஓபோவுக்கு ஏன் இந்த மரியாதை?

பதில்: மரியாதை ஒன்றும் இல்லை. வளைந்துகொடுக்காத ஆளுக்கு ஊரே ஒத்துப்போகும் கதைதான். நான் கிளாரினெட் வாசிப்பவன். அரங்கு சூடாகிச் சுருதி ஏறினால், மவுத்பீஸுக்குக் கீழே உள்ள குட்டி உருளையைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்துகொள்வேன். வயலின்காரர் பிருடையைத் திருப்புவார். ஓபோவில் அந்த வசதி மிகக் குறைவு. வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளியைச் செய்யும்போதே சுருதி ஏறக்குறைய முடிவாகிவிடும். எனக்கு முன்வரிசையில் உட்காரும் ஓபோக்காரர், சின்னக் குப்பித் தண்ணீரில் சீவாளியை நனையப் போட்டுவிட்டுத்தான் கோட்டையே கழற்றுவார். அப்புறம், அதன் ஒலி கூர்மையானது. எவ்வளவு இரைச்சலிலும் தனியாகக் காதில் விழும்.

அவர் ஊதுவது மேற்கத்திய இசையில் ‘ஏ’ என்கிற சுரம், நொடிக்கு 440 அதிர்வு. இதுவும் வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. பிரான்சில் 1859-இல் 435 என்று சட்டமே போட்டார்கள். 1939-இல் லண்டனில் பல நாட்டுக்காரர்கள் கூடி 440 என்று ஒப்புக்கொண்டார்கள். 442 வைத்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராக்கள் இன்றும் உண்டு. மேடையில் பியானோ இருந்தால் மட்டும் ஓபோவும் அடங்கிப்போகும். அந்த நேரத்தில் பியானோவின் இருநூற்றுச் சொச்சம் கம்பிகளை யார் முறுக்குவது?

கேள்வி: சாக்ஸபோன் முழுக்கப் பித்தளை. அதை மரக் காற்றுக்கருவி என்கிறார்களே?

பதில்: உடம்பைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். ட்ரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. சாக்ஸபோனில் அதிர்வது என் கிளாரினெட்டில் இருப்பது போன்ற ஒற்றைச் சீவாளி. 1846-இல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்தே அது இந்தக் குடும்பம்தான். உலோகப் புல்லாங்குழலில் சீவாளி இல்லை; ஆனால் அதிலும் உதடு அதிர்வதில்லை, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

கேள்வி: ஆண்கள் கோரஸில் சேர்ந்திருக்கிறேன். பியானோவின் நடு ‘சி’க்கு மேலே உள்ள ‘ஜி’ வரை எனக்கு எட்டுகிறது. ஆனாலும் பாரிடோன் (ஆண்களின் நடுத்தரக் குரல்) வரிசையில் நிறுத்திவிட்டார்கள். நான் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல்தானே?

பதில்: எட்டுவது வேறு, அங்கே குடியிருப்பது வேறு. ‘ஜி’யைப் பல பாரிடோன்களும் தொடுவார்கள். டெனர் வரிசை அந்தப் பக்கத்திலேயே பத்து நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கேதான் வேஷம் கலையும்.

எனக்கே இது நடந்தது. பத்தொன்பது வயதில் ஆண், பெண் இருபாலரும் பாடும் குழுவில் சேர்ந்தேன். அப்படிப்பட்ட குழுவில் பெரும்பாலும் நான்கே வரிசை: பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ; ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பாஸ். பாரிடோனுக்கு இடமே கிடையாது. டெனருக்கு ஆள் குறைச்சல். நான் ஒருநாள் ‘ஏ’யை எப்படியோ தொட்டுவிட்டேன். சரி, நீ டெனர் என்றார் நடத்துநர். இரண்டு வருடம் கோழி தண்ணீர் குடிப்பது போல் மோவாயைத் தூக்கித் தூக்கிப் பாடினேன். ஒத்திகை முடிந்தால் தொண்டை கரகரக்கும். வீட்டுக்குப் போய் யாரோடும் பேச மாட்டேன். கடைசியில் ஒரு குரல் ஆசிரியர் ஒரே ஒரு ஆரோகணம் பாடச் சொன்னார். உச்சியை அவர் கவனிக்கவே இல்லை. நடு ‘சி’யைத் தாண்டி ‘டி’ பக்கம் போகும்போதே என் சாரீரம் கியர் மாறியது. டெனருக்கு அந்த மாற்றம் பொதுவாக இன்னும் இரண்டு மூன்று கட்டை மேலே வரும். “நீங்கள் பாரிடோன், போய்த் தண்ணீர் குடியுங்கள்” என்றார்.

நீங்களும் பார்க்கலாம். டெனர் வரிசையை இருபது நிமிடம் வார்த்தையோடு பாடிவிட்டுச் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். பேச்சுக்குரல் தேய்ந்திருந்தால் உங்கள் நடத்துநர் சொன்னதுதான் சரி. தேயாமல் இருந்தால் தைரியமாகப் போய் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தால் அவசரப்பட வேண்டாம்; குரல் இன்னும் இறங்கி உட்காரக்கூடும்.

கேள்வி: பியானோவில் ‘இ’க்கும் ‘எஃப்’க்கும் நடுவே கறுப்புக் கட்டை ஏன் இல்லை?

பதில்: அங்கே இடம் இல்லை. அவை இரண்டுக்கும் இடைவெளி ஏற்கெனவே அரைச்சுரம்தான், பியானோவில் அதைவிடச் சின்ன இடைவெளி கிடையாது. ‘பி’-‘சி’யும் அப்படியே. அந்த இரண்டு பொட்டல் இடங்களால்தான் கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து நிற்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு இரட்டைக் கறுப்பைத் தடவிப் பிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது ‘சி’.