மூன்று போர்டு, மூன்று நேரம்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் பட்டறை வைத்திருக்கிறேன். 1500 ஆர்பிஎம் மோட்டார்-பம்ப் செட்டில் அதிர்வு பார்க்க, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய மூன்று ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கணினி) போர்டுகளை வைஃபையில் இணைத்தேன். மூன்றும் என்டிபி வழியாக இணைய சர்வரிடம் நேரம் கேட்டு எடுத்தும் ஒன்றுக்கொன்று 20, 30 மில்லி வினாடி விலகுகின்றன. சரியான நேரத்துக்கு ஜிபிஎஸ் வாங்கத்தான் வேண்டுமா சார்?

பதில்: வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் சிக்னலை நம்பவும் முடியாது.

ஆனால் இந்த விலகலைச் சும்மா விடக் கூடாது. உங்கள் மோட்டார் ஒரு சுற்று சுற்ற 40 மில்லி வினாடி. 20 மில்லி வினாடி பிசகினால் அரைச் சுற்று. சேர்ந்து ஆடும் இரு முனைகள் எதிரெதிராக ஆடுவதுபோல் தெரியும். அலைன்மென்ட் போச்சு என்று, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் நல்ல கப்ளிங்கைக் கழற்றுவீர்கள்.

என்டிபி மேல் தப்பில்லை. கேள்வி போகும் நேரமும் பதில் வரும் நேரமும் சமம் என்று வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. வைஃபையில் அது நடப்பதில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போர்டு கண்ணயரும். ரவுட்டர் பதிலைப் பிடித்து வைத்து, அடுத்த பீக்கன் (ரவுட்டர் எல்லாருக்கும் சீராக அனுப்பும் அறிவிப்பு) வந்த பிறகே தரும். பீக்கன் பெரும்பாலும் 102.4 மில்லி வினாடிக்கு ஒன்று. அந்தத் தாமதத்தில் பாதி நேரப் பிழையாக ஏறிவிடும். பிளக்கில் ஓடும் போர்டுக்கு எதற்குச் சிக்கனம்? போர்டின் ‘பவர் சேவ்’ வசதியை முதலில் அணையுங்கள்.

அப்புறம், வெளியே போய் நேரம் கேட்பதையே விடுங்கள். ஒவ்வொரு பீக்கனிலும் ரவுட்டர் தன் டிஎஸ்எஃப் எண்ணை, அதாவது தன் ஓடும் கடிகார எண்ணை, மைக்ரோ வினாடிக் கணக்கில் சொல்கிறது. மூன்று போர்டும் கேட்பது அதே பீக்கனைத்தான். அந்த எண்ணைத் தரும் ஃபங்ஷன் ஈஎஸ்பி32 தயாரிக்கும் எஸ்பிரெசிஃப் கம்பெனியின் லைப்ரரியிலேயே உண்டு. அதையும் போர்டின் உள் டைமரையும் அடுத்தடுத்த வரியில் படித்து, வித்தியாசத்தை உள் டைமரோடு கூட்டி ரீடிங்குக்கு நேரம் போடுங்கள். சில வினாடிக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும். உள் டைமரை ஓட்டும் கிரிஸ்டல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) விலகினாலே ஒரு மணியில் 36 மில்லி வினாடி; மோட்டார் சூட்டில் இருக்கும் போர்டு தன் வழிக்குப் போகும்.

மூன்றும் ஒரே ரவுட்டரில் இருக்கட்டும். பல பெட்டி சேர்ந்த மெஷ் வைஃபை வைத்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் எண் வேறு. கரன்ட் போய் வந்தால் எண் முதலிலிருந்து ஓடும், அதையும் கவனியுங்கள். தேதிக்கு என்டிபி போதும்.

சரிபார்க்க, ஒரே புஷ் பட்டனை மூன்று போர்டுக்கும் கிரவுண்டோடு சேர்த்து ஒயர் செய்து அழுத்துங்கள். பதிவான நேரங்கள் 0.1 மில்லி வினாடிக்குள் இருந்தால் பிழை சுற்றில் ஒரு டிகிரிகூட இல்லை. அதற்கு மேல் போனால், நேரத்தை, பட்டன் அழுந்தியதும் ஓடும் இன்டரப்டுக்குள் குறிக்கிறீர்களா, புரோகிராமின் லூப்புக்கு வந்த பிறகு தாமதமாகக் குறிக்கிறீர்களா என்று பாருங்கள்.