பேத்திக்குப் பந்து, பள்ளிக்குச் சட்டம்

கேள்வி: என் பேத்தி தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே பையன்களோடு பந்து விளையாடி, அவர்களையே ஏமாற்றிவிட்டு ஓடுகிறாள். பள்ளியில் காற்பந்துக் குழு பையன்களுக்கு மட்டும்தானாம். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறதாமே? ஆணும் பெண்ணும் சமம் என்றால் எல்லாப் போட்டியிலும் சேர்த்தே விட்டுவிட வேண்டியதுதானே?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: புளோக்குக் கீழே 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை இருக்குமே! சரி, அதை விடுங்கள்.

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில்: வேண்டாம். 2023இல் சீனாவின் ஹாங்ஜோவில் நம் ஓட்டக்காரி சாந்தி பெரேரா பெண்கள் 200 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஆசிய விளையாட்டுத் திடல்தடத்தில் 49 வருடங்களுக்குப் பிறகு நமக்குக் கிடைத்த தங்கம் அது. அவர் ஓடிய நேரம் 23.03 வினாடி. அதே நேரத்தோடு ஆண்கள் ஓட்டத்தில் நின்றிருந்தால் முதல் சுற்றோடு வீடு திரும்பியிருப்பார், நாமும் அன்று டிவியை அணைத்துவிட்டுத் தூங்கியிருப்போம். 100 மீட்டர் உலகச் சாதனையே ஆண்களுக்கு 9.58, பெண்களுக்கு 10.49. பருவ வயதில் ஆண் உடம்பில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் செய்கிற வேலை இது. பயிற்சியால் நிரப்பக்கூடிய இடைவெளி அல்ல.

ஆனால் உங்கள் பேத்தி இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. பத்து, பதினொரு வயதில் வித்தியாசம் சொற்பம். அவள் பையன்களை முந்துவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஆப்டிமிஸ்ட் பாய்மரப் படகு ஓட்டும் பிள்ளைகளைப் பாருங்கள், ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில்தான் போகிறார்கள். தொடக்கநிலைத் திடலில் அவளை வெளியே நிறுத்துவது உடம்பு அல்ல, பழக்கம்.

இனி அந்த அமெரிக்கச் சட்டம். 1972இல் வந்த 'ஒன்பதாம் பிரிவு' (Title IX) ஆங்கிலத்தில் மொத்தமே 37 சொற்கள்தான், விளையாட்டு என்ற சொல்லே அதில் கிடையாது. அரசாங்கப் பணம் வாங்கும் கல்விக்கூடத்தில் ஆண், பெண் பாகுபாடு கூடாது, அவ்வளவுதான். 1975இல் வந்த விதிகள்தான் விளையாட்டுக்கு வழி சொல்லின: தனித்தனிக் குழு வைக்கலாம். பெண்களுக்குக் குழு இல்லையென்றால் பையன்கள் குழுவின் தேர்வுக்கு அவர்களையும் விட வேண்டும். ஆனால் குத்துச்சண்டை, மல்யுத்தம், கூடைப்பந்து மாதிரி உடம்போடு உடம்பு மோதும் ஆட்டங்களுக்கு இது பொருந்தாது. அதனால் 1977இல் கொலராடோவில் ஒரு உயர்நிலைப்பள்ளி மாணவி காற்பந்து ஆட நீதிமன்றம் போய் ஜெயித்தது இந்தச் சட்டத்தைக் காட்டி அல்ல, அரசியல் சாசனத்தைக் காட்டி. நீதிபதி பள்ளிக்கு மூன்று வழி கொடுத்தார்: சேர்த்து ஆடவிடு, பெண்களுக்குத் தனிக் குழு அமை, இல்லையென்றால் பையன்களுக்கும் காற்பந்து வேண்டாம்!

நம் சிங்கப்பூர் அரசியல் சாசனத்தின் 12வது பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. ஆனால் பாகுபாடு கூடாது என்று அது அடுக்குவது சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம். பாலினம் அந்த வரிசையில் இல்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐநா உடன்பாட்டில் 1995இல் சேர்ந்தோம். விளையாட்டில் சம வாய்ப்பு என்று அதன் 10வது பிரிவில் எழுதியே இருக்கிறது. அது அரசாங்கம் உலகத்துக்குக் கொடுத்த வாக்கு. அதை நகலெடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்தில் போய் நின்றால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

நான் பார்த்த ஒரு பள்ளியில் பையன்களுக்குத் திடல், பெண்களுக்கு மண்டபம். மழை வந்தால் பையன்கள் மண்டபத்துக்குள் வந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அல்ல, மழை பெய்த ஒவ்வொரு முறையும். அங்கே யாரும் யாரோடும் போட்டி போடவே இல்லை, ஆனாலும் தோற்றது யார் என்று எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆகவே ஆசிரியரிடம் போய்ச் சமத்துவம் பேசாதீர்கள். பயிற்சிக்கு அவளைச் சேர்த்துக்கொள்வீர்களா, பெண்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் திடல் கிடைக்கிறது, பயிற்றுநர் உண்டா என்று கேளுங்கள். தனியாகவும் போகாதீர்கள். ஆட ஆசைப்படும் இன்னும் நாலைந்து பெண்பிள்ளைகளின் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். "ஆள் சேராதுங்க" என்பதுதான் முதலில் வரும் பதில்.