ஓடுகிறேன், யோகா செய்கிறேன்... தொடை மட்டும் ஏன் குறையவில்லை?

கேள்வி: எனக்கு 34 வயது. உயரம் 162 செ.மீ., எடை 58 கிலோ. வாரத்தில் 4 நாள் 5 கி.மீ. ஓடுகிறேன், 2 நாள் யோகா. வயிறு தட்டையாகத்தான் இருக்கிறது. தொடையிலும் பின்பக்கத்திலும் உள்ள கொழுப்புதான் அசைய மாட்டேன் என்கிறது. தொடைக்குப் பார்த்து ஜீன்ஸ் எடுத்தால் இடுப்பில் ஒரு கை நுழைகிறது. தினமும் 200 ஸ்குவாட் போடச் சொன்னார் ஜிம் பயிற்சியாளர். உள்தொடை மெஷினையும் காட்டினார். ஒன்றரை மாதம் ஆகிறது. முட்டி வலிதான் மிச்சம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 200 ஸ்குவாட்டை இன்றோடு நிறுத்துங்கள். வலிக்கிற முட்டியை வைத்துக்கொண்டு எண்ணிக்கையைத் துரத்துவதில் ஒரு லாபமும் இல்லை.

'தொடைச் சதையைக் கரைக்க' என்று சொல்லிச் சொல்லியே நாம் குழம்பிவிட்டோம். கொழுப்பையும் சதை என்கிறோம், தசையையும் சதை என்கிறோம். கரைப்பது என்றதும் எந்த இடத்தை ஆட்டுகிறோமோ அந்த இடமே உருகும் என்று தோன்றிவிடுகிறது. உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. கொழுப்புச் செல்லிலிருந்து கொழுப்பு அமிலமாகப் பிரிந்து ரத்தத்தில் கலந்த பிறகுதான் அது எரிபொருளாகிறது. எந்தச் செல்லிலிருந்து எடுப்பது என்பதை ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. எந்தத் தசை உழைக்கிறது என்பதற்கு அதில் பெரிய பங்கு இல்லை. 1971-இல் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கையில் தசை பெரிதாக இருந்தது; தோலுக்கடியில் இருந்த கொழுப்போ இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வருடக்கணக்காக ஒரே கையால் அடித்தவர்களுக்கே அப்படி என்றால், உள்தொடை மெஷினிடம் நாம் எதை எதிர்பார்ப்பது?

உங்கள் வயிறு சொன்ன பேச்சைக் கேட்டது, தொடை கேட்கவில்லை. இதற்கும் காரணம் இருக்கிறது. கொழுப்புச் செல்களின் மேல் இரண்டு வகை ஏற்பிகள், அதாவது ஹார்மோன் சொல்வதை வாங்கிக்கொள்ளும் வாசல்கள், உள்ளன. அட்ரினலின் என்ற ஹார்மோன் வந்து தொட்டால் பீட்டா ஏற்பி 'கொழுப்பை வெளியே விடு' என்கிறது. ஆல்ஃபா-2 ஏற்பி 'விடாதே' என்கிறது. பெண்களின் இடுப்பிலும் தொடையிலும் இந்த ஆல்ஃபா-2 அதிகம். ஈஸ்ட்ரோஜனும் அதற்குத் துணை. கர்ப்பத்துக்கும் தாய்ப்பாலுக்கும் என்று உடம்பு எடுத்து வைத்த விதைநெல் அது. மற்ற நெல் இருக்கும்வரை யாராவது விதைநெல்லில் கை வைப்பார்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்போடு ஒப்பிட்டால் தொடைக் கொழுப்பு சாது. இடுப்புக்குக் கீழே கொழுப்பைச் சேர்த்துவைக்கும் உடல்வாகுக்குச் சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து குறைவாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்கும்போதுதான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ உங்களுக்கு 22. மருத்துவக் கண்ணில் இது பிரச்சினையே அல்ல. தோற்றம் சார்ந்த விருப்பம். அந்த விருப்பம் தப்பில்லை, அதற்காக உடம்பை வதைப்பதுதான் தப்பு.

சரி, செய்யக்கூடியது என்ன? ஓட்டத்தைக் கூட்டுவதல்ல. ஓட்டத்தை 3 நாளாக்கி, யோகாவை ஒரு நாளாக்கி, மிச்சமாகும் 2 நாளையும் எடைப் பயிற்சிக்குக் கொடுங்கள். கனமான எடை, குறைந்த எண்ணிக்கை. புட்டத் தசையும் பின்தொடைத் தசையும் உறுதிப்பட்டால், அதே கொழுப்பு மேலே இருந்தாலும் வடிவம் மாறித் தெரியும். ஆண்களைப் போலத் தசை திரண்டுவிடும் என்று பயப்படாதீர்கள். பெண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கிலோ கணக்கில் தசை வைக்க வருடங்கள் ஆகும்.

முட்டி வலி இருப்பதால் ரொமேனியன் டெட்லிஃப்டில் தொடங்குவேன். இரண்டு கையிலும் பை இருக்கும்போது கார் கதவைப் பின்பக்கத்தால் தள்ளி மூடுவோமே, அதே அசைவுதான். இரண்டு கையிலும் டம்பெல் பிடித்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முட்டியை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். முதுகு வளையக் கூடாது. டம்பெல் தொடையை உரசியபடியே முட்டிக்குச் சற்றுக் கீழே வரை இறங்கட்டும். பின்தொடையில் ஒரு இழுப்பு தெரியும் இடத்தில் நின்று, புட்டத்தை இறுக்கி எழுந்திருங்கள். முதுகில் இழுப்பு தெரிந்தால் அதிகமாக இறங்கிவிட்டீர்கள்.

இதோடு ஹிப் த்ரஸ்ட், அதாவது மேல்முதுகை பெஞ்சில் சாய்த்து இடுப்பை மேலே தூக்குவது. அப்புறம், ஒரு சாண் உயரப் பலகையில் ஏறி இறங்கும் ஸ்டெப்-அப். வலி அடங்கிய பின் ஸ்குவாட். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள். ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 முறை, 3 சுற்று. கடைசி இரண்டு முறை தூக்கும்போது முகம் கோணினால்தான் எடை சரி. 12 சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள். 200 ஸ்குவாட்டில் இல்லாதது இதுதான்: எண்ணிக்கை ஏறியது, சுமை ஏறவே இல்லை.

சாப்பாட்டில் பட்டினி வேண்டாம். ஒரு நாளைக்கு 200, 300 கலோரி குறைந்தால் போதும். அதற்குமேல் குறைத்தால் தொடைக்கு முன்னால் முகமும் மார்பும்தான் வற்றும். புரதம் 80 முதல் 90 கிராம் வரை வேண்டும். 3 இட்லியும் சட்னியும் தருவது 7 கிராம் போல. கூடவே 2 முட்டை என்றால் இன்னொரு 12. சாயங்காலம் முறுக்குக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல், அதில் 14 கிராம் வரை கிடைக்கும்.

எடை மெஷினை நம்பாதீர்கள், டெய்லர் டேப்பை நம்புங்கள். முட்டிச் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தில் தொடையைச் சுற்றி அளவெடுங்கள். மாதம் ஒரு முறை, மாதவிடாய் முடிந்த அடுத்த சில நாட்களில், காலையில். மற்ற நாட்களில் நீர் தேங்குவதால் கணக்கு தப்பும். முதல் இரண்டு மூன்று வாரம் ஜீன்ஸ் இன்னும் இறுகக்கூடும். பயிற்சிக்குப் புதிதான தசை நீர் பிடிப்பதுதான் காரணம், பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். 3 மாதத்தில் தொடை 1, 2 செ.மீ. குறைந்தால் உங்கள் உடல்வாகுக்கு அது நல்ல பலன். வியர்க்க வைக்கும் பெல்ட், அதிரும் மெஷின் எல்லாம் பர்ஸைத்தான் இளைக்க வைக்கும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் பயிற்சியை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். மாதவிடாய் 3 மாதம் வராமல் போனால் நீங்கள் போதுமான அளவு சாப்பிடவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், அது எலும்பு வரை பாதிக்கும். இரண்டு காலும் ஒரே மாதிரி பருத்து, பாதம் மட்டும் மெலிந்திருந்து, தொட்டால் வலித்து, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா? அது லிப்பிடீமா என்ற, காலில் கொழுப்பு அளவுமீறிச் சேரும் நோயாக இருக்கலாம். அந்தக் கொழுப்பு பயிற்சிக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் எளிதில் மசியாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் அன்றே போக வேண்டும், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

ஜீன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். தொடைக்குச் சரியான அளவையே எடுத்து, இடுப்பை மட்டும் டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். எடைப் பயிற்சி செய்பவர்களில் பலர் கடைசிவரை இப்படித்தான் போடுகிறார்கள், நானும் அப்படித்தான்.