விரல் மேல பழி போடாதீங்க: கிட்டார் கேள்வி பதில்

வயசுக்கு வந்தப்புறம் இல்ல, வயசு போனப்புறம் கிட்டார் கத்துக்கறவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம், வந்த கடிதம் முக்காவாசி நாப்பதைத் தாண்டினவங்க எழுதினது. ஊர் வேற, வேலை வேற, ஆனா எல்லாரும் எங்கயாவது ஒரு வரியில "எனக்கு விரல் சரியில்ல போல"ன்னு எழுதியிருக்காங்க. கத்துக்குடுக்கறதும் ரிப்பேர் பாக்கறதும் ரெண்டுமே என் பொழப்புங்கறதால எனக்கு முதல்ல சந்தேகம் வர்றது விரல் மேல இல்ல.

எனக்கு 47 வயசு, மதுரையில பேங்க் வேலை. பையன் காலேஜ்ல வாங்கின கிட்டார், வேலைக்கு பெங்களூரு போறப்ப பரண்ல போட்டுட்டுப் போயிட்டான். நாலு வருஷம் கழிச்சு எடுத்து ரெண்டு மாசமா பழகறேன். விரல் நுனி எரியுது, சி கார்ட் புடிச்சா பாதி ஸ்ட்ரிங் டொக்குன்னு செத்துப்போகுது. இந்த வயசுக்கு மேல விரல் வளையாதா?

வளையும் சார். நாலு வருஷம் பரண்ல கிடந்ததுன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, விஷயம் அங்கதான் இருக்கு. இரும்பு ஸ்ட்ரிங் ஆறும் சேர்ந்து கிட்டத்தட்ட 70 கிலோ இழுவையில நிக்கும், மேல காங்கிரீட் தளம் காயற மதுரை வெயிலு, பரணுக்குள்ள வேற புழுக்கம், அந்த நாலு வருஷமும் அந்த 70 கிலோ நெக்கையும் (விரல் வைக்கற நீளக் கழுத்து) மேல் பலகையையும் இழுத்துக்கிட்டேதான் இருந்திருக்கும். பலகை லேசா உப்பி, ஸ்ட்ரிங்கோட அடி முனையைப் புடிச்சிருக்கற பிரிட்ஜ் மேல ஏறும், நெக் முன்னாடி வளையும், ஸ்ட்ரிங் ஃப்ரெட்டை, அதாவது நெக்ல குறுக்க பதிச்சிருக்கற கம்பியை, விட்டு எட்டப் போயிடும். இந்த உயரத்தத்தான் ஆக்‌ஷன்னு சொல்றோம்.

பையனோட பழைய ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தா ஸ்கேலை எடுங்க. 12-வது ஃப்ரெட்ல, ரெண்டு புள்ளி இருக்குமே அங்க, ஃப்ரெட் கம்பியோட மேல் முனைக்கும் தடிமனான ஸ்ட்ரிங்கோட அடிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. 2 மில்லிமீட்டர்ல இருந்து ரெண்டரை வரைக்கும் இருந்தா கிட்டார் மேல தப்பில்ல. மூணைத் தாண்டினா கஷ்டம். என்கிட்ட நாலரை இருந்த கிட்டார் எல்லாம் வந்திருக்கு, அதுல கார்ட் புடிக்கறதும் ஆறிப்போன மாவுல இடியாப்பம் புழியறதும் ஒண்ணுதான்.

இன்னொரு சோதனை. ஒரு கேப்போ, அதாவது ஆறு ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அழுத்திப் புடிக்கற கிளிப், வாங்கி முதல் ஃப்ரெட்ல மாட்டிட்டு அதே சி கார்டை புடிங்க. திடீர்னு சுலபமா இருக்கா? அப்ப தலைப்பக்கம் வெள்ளையா ஒரு சின்னத் துண்டு இருக்கும், நட்டுன்னு பேரு, அதோட காடி ஆழம் பத்தலன்னு அர்த்தம். விலை கம்மியான கிட்டார் நிறைய இப்படித்தான் கடைக்கே வருது, ஃபேக்டரியில காடியை மேலோட்டமா அறுத்து அனுப்பிடறாங்க. ரிப்பேர் பாக்கறவர்கிட்ட "செட்டப் பண்ணிக் குடுங்க"ன்னு சொன்னா போதும், நட்டையும், பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங் உக்கார்ற சாடிலையும் ராவி, நெக்கையும் சரி பண்ணித் தருவார். கூலி ஆளுக்கு ஆள் மாறும், முதல்லயே கேட்டுக்குங்க. அது வரைக்கும் ஒரு குறுக்கு வழி இருக்கு, ஆறு ஸ்ட்ரிங்கையும் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் பண்ணிட்டு முதல் ஃப்ரெட்ல கேப்போ போட்டுடுங்க, சுருதி பழையபடி வந்துடும், அழுத்தறதும் லேசாயிடும்.

ஸ்ட்ரிங்கும் மாத்திடுங்க, நாலு வருஷ துரு விரலை அரம் மாதிரி ராவும். கடையில 12 செட்டா 10 செட்டான்னு கேப்பாங்க, அது மெல்லிசு ஸ்ட்ரிங்கோட தடிமன், அங்குலத்துல ஆயிரத்துல 12 பங்கு, இல்லன்னா 10 பங்கு. நீங்க 10 வாங்குங்க. சத்தம் கொஞ்சம் மெலிசா இருக்கும், இருக்கட்டும்.

இதெல்லாம் பண்ணினப்புறமும் வலி இருக்கும், இல்லன்னு சொன்னா பொய். மூணு நாலு வாரத்துல விரல் நுனி காய்ச்சுப் போயிடும். ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் உக்காந்து புண்ணாக்கிக்காம தினம் கால் மணி நேரம், முடிஞ்சா காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை. விரலை ஃப்ரெட்டுக்கு நடுவுல வைக்காதீங்க, ஃப்ரெட் கம்பியை ஒட்டி அதுக்குக் கொஞ்சம் பின்னாடி வச்சா பாதி பலம் போதும். அப்புறம், வீடியோ பாத்துட்டு ட்ரஸ் ராடைத் திருகாதீங்க சார். அது நெக்கோட வளைவை சரி பண்ற கம்பி, ஆக்‌ஷன் குறைக்கற ஸ்க்ரூ இல்ல. தெரிஞ்சவங்களே கால் சுத்து திருப்பிட்டு கொஞ்ச நேரம் விட்டுத்தான் பாப்போம்.

எனக்கு சுகர் இருக்கு. தினம் காலைல விரல்ல குத்தி டெஸ்ட் பண்ணணும். இடது கை விரல் காய்ச்சுப்போனா பிரச்சனை வருமா? – திருநெல்வேலி வாசகர்

நல்ல கேள்வி அண்ணாச்சி, யாரும் கேக்காத கேள்வி. காய்ச்ச தோல்ல ஊசி சரியா இறங்காது, ரத்தம் வர மறுபடி குத்தணும். வலது கை விரலுக்கு மாத்திக்குங்க, நுனியில குத்தாம பக்கவாட்டுல குத்துங்க, டாக்டருங்களும் பக்கவாட்டுலதான் குத்தச் சொல்வாங்க. இடது கையில குத்தித்தான் ஆகணும்னா கட்டை விரல் இருக்கு, அது நெக்குக்குப் பின்னாடிதானே கிடக்குது. விரல் மரத்துப் போற மாதிரி இருந்தாலோ, மடக்கின விரல் நிமிராம டக்குன்னு சிக்கி விட்டாலோ கிட்டார் வாத்தியார்கிட்ட கேக்காதீங்க, டாக்டரைப் பாருங்க. சுகர் உள்ளவங்களுக்கு அந்த விரல் சிக்கல் கொஞ்சம் அதிகமாவே வரும். நுனியில சின்னப் புண்ணு வந்தாலும் ஆறற வரைக்கும் கிட்டார் பெட்டியிலயே இருக்கட்டும்.

நைலான் ஸ்ட்ரிங் போட்ட கிட்டார் ஒண்ணு சும்மா கிடைச்சுது. இரும்பு ஸ்ட்ரிங் மாட்டினா சத்தம் கணீர்னு வரும்னு தெரிஞ்சவர் சொல்றார். மாட்டலாமா? – திருச்சி

மாட்டாதீங்க! நைலான் செட்டோட இழுவை மொத்தமே 40 கிலோ சொச்சம்தான், உள்ள இருக்கற பட்டிகளை அதுக்குத் தகுந்த மாதிரி மெல்லிசா ஒட்டியிருப்பாங்க. 70 கிலோ ஏத்தினா ஒரு நாள் ராத்திரி எல்லாரும் தூங்கறப்ப படார்னு பிரிட்ஜ் பேத்துக்கிட்டு வரும். சும்மா கிடைச்சது நைலான் கிட்டாரா இருந்தா அது உங்க அதிர்ஷ்டம், புதுசா கத்துக்கற விரலுக்கு நைலான் ரொம்ப இதம். நெக் மட்டும் கொஞ்சம் அகலமா இருக்கும்.

கும்பகோணத்துல இருந்து எழுதறேன், வயசு 52. பத்து வருஷம் கர்நாடக சங்கீதம் கத்துண்டேன், என் சுருதி அஞ்சரைக் கட்டை. ஆன்லைன் கிளாஸ்ல கார்டு, கீ, ரிலேடிவ் மைனர்னு என்னென்னமோ சொல்றா, பாதி புரியல. நான் பாடிண்டே வாசிக்கணும், அவ்வளவுதான் ஆசை.

மாமி, உங்களுக்குப் பாதிக்கு மேல ஏற்கனவே தெரியும், பேருதான் வேற. அவங்க சி மேஜர் ஸ்கேல்னு சொல்றது ஒரு கட்டையில உங்க சங்கராபரணம். அதுல ச க ப மூணையும் ஒரே நேரத்துல மீட்டினா சி மேஜர் கார்ட். ம த ச சேர்ந்தா எஃப், ப நி ரி சேர்ந்தா ஜி, த ச க சேர்ந்தா ஏ மைனர். சங்கராபரணத்துல தைவதத்தை ஷட்ஜமா வச்சு கிரகபேதம் பண்ணினா நடபைரவி வரும் இல்லையா, ரிலேடிவ் மைனர்ங்கறது அவ்வளவுதான். இதை கிளாஸ்ல சொன்னீங்கன்னா வாத்தியார் முழிப்பார், சொல்லிப் பாருங்க.

கட்டைக் கணக்கு இன்னும் சுலபம். 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. கேப்போவை ஒரு ஃப்ரெட் ஏத்தினா அரைக் கட்டை ஏறுதுன்னு வச்சுக்கலாம், மூணுல இருந்து நாலுக்குப் போறது மட்டும் ஒரே ஃப்ரெட், நடுவுல மூணரைன்னு ஒண்ணு கிடையாதே. உங்களுக்கு அஞ்சரை, அதனால முதல் ஃப்ரெட்ல கேப்போ, புடிக்கறது ஜி, சி, டி, இ மைனர். இந்த நாலு கார்டை வச்சே நிறையப் பாட்டு ஓட்டிடலாம். தொண்டை கட்டின அன்னிக்கு கேப்போவைக் கழட்டிட்டா அஞ்சு கட்டை. சுருதிப் பெட்டியைப் போட்டுண்டே ட்யூன் பண்ணலாம், உங்க காது செல்போன் ட்யூனரை விட நல்லாவே சொல்லும்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கறது, வருமான்னு அடுத்த கடிதத்துல கேப்பீங்க, இப்பவே சொல்லிடறேன். வீணையில கம்பியைப் பக்கவாட்டுல இழுக்கற மாதிரி கிட்டார்லயும் இழுக்கலாம், கிட்டார் பிரசன்னா கர்நாடகக் கச்சேரியே கிட்டார்ல வாசிக்கறவர். ஆனா சாதாரண அக்கூஸ்டிக்ல தடிமனான ஆறாவதுல இருந்து மூணாவது ஸ்ட்ரிங் வரைக்கும் சுத்துக்கம்பி, இழுக்க இழுக்க விரல் நோகும். முதல் வருஷம் அந்த ஆசை வேண்டாம், ஸ்வரத்துக்கு ஸ்வரம் விரலை வழுக்கிட்டுப் போற ஜாருவோட நிறுத்திக்குங்க.

எஃப் கார்ட் வரவே மாட்டேங்குது. ஆறு மாசம் ஆச்சு. விட்டுடலாமான்னு இருக்கு. – சேலம்

விடறதுக்கு முன்னாடி மதுரைக்காரருக்கு சொன்ன கேப்போ சோதனையை நீங்களும் பண்ணுங்க. நட்டுக்குப் பக்கத்துல ஸ்ட்ரிங் விறைப்பா இருக்கும், எஃப் முதல் ஃப்ரெட்லயே வருது, நட்டு உயரமா இருந்தா பெரிய வித்வானே திணறுவார். நட்டு சரின்னா அதே வடிவத்தை அஞ்சாவது ஃப்ரெட்ல புடிச்சுப் பழகுங்க, அங்க அது ஏ கார்ட், வந்ததும் வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டா கீழ இறங்குங்க. அப்புறம் ஆள்காட்டி விரல் ஆறு ஸ்ட்ரிங்கையும் அழுத்தணும்னு நினைச்சுத்தான் எல்லாரும் நசுக்கறாங்க, நல்லாப் பாருங்க, நடுவுல இருக்கற மூணை மத்த விரல் புடிச்சிருக்கு, ஆள்காட்டி விரலுக்கு வேலை ஆறாவது, ரெண்டாவது, முதல் ஸ்ட்ரிங் மட்டும்தான். விரலைக் கட்டை விரல் பக்கமா லேசா உருட்டி எலும்பு படற மாதிரி வைங்க, கணு மடிப்புல ஸ்ட்ரிங் போய் ஒளிஞ்சுக்காது. அதுவரைக்கும் மெல்லிசுப் பக்கத்து நாலு ஸ்ட்ரிங் மட்டும் வர்ற குட்டி எஃப் போதும்.

சென்னையில கடற்கரைப் பக்கம் வீடு. புது ஸ்ட்ரிங் ஒரே மாசத்துல துருப்பிடிக்குது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்றாங்க. – திருவான்மியூர்

அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க, தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. காறிப்போய் பிசுபிசுத்து தூசியெல்லாம் அதுல அப்பிக்கும். வாசிச்சு முடிச்சதும் பழைய காட்டன் பனியன் துணியால ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் மேலயும் அடியிலயும் துடைங்க, ஒரு நிமிஷ வேலை, துருவுக்குப் பாதிக் காரணம் கடல் காத்துன்னா மீதி நம்ம வேர்வை. கோட்டிங் போட்ட ஸ்ட்ரிங் விலை அதிகம்தான், ஆனா உங்க ஏரியாவுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

கிட்டாருக்குப் புடிச்ச ஈரப்பதம் 45-ல இருந்து 55 சதவீதம், சென்னையில 70-க்கு மேல சர்வ சாதாரணம். அதனால சுவத்துல மாட்டி அழகு பாக்காதீங்க, பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைங்க. ராத்திரி பூரா ஏசி, பகல் பூரா புழுக்கம்னு மாறி மாறி இருக்கற ரூம்ல வெளிய வச்சா தினமும் ட்யூனிங் ஓடிப்போகும்.

வெயில் இன்னும் மோசம். ஊருக்கெல்லாம் சொல்ற நானே ஒரு மே மாசம் திண்டிவனம் தாண்டி சாப்பிட நிறுத்தினேன், கிட்டார் கார் டிக்கியில, ஒரு மணி நேரம்கூட ஆகல. வீட்டுக்கு வந்து பாத்தா பிரிட்ஜோட பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, விசிட்டிங் கார்டு அடியில சர்ருனு உள்ள போகுது. சூட்டுல பசை இளகிடுச்சு. கழட்டி, சொரண்டி, திரும்ப ஒட்டி, கிளாம்ப் போட்டு, என் கிட்டாரை நானே ரிப்பேர் பண்ணி எனக்கு நானே கூலி குடுக்காம விட்டேன். நீங்களும் மாசம் ஒரு தடவை அந்தக் கார்டு சோதனை பண்ணுங்க, கார்டு முனை நுழைஞ்சாலே ஸ்ட்ரிங்கை தளர்த்திட்டு ரிப்பேருக்குக் கொண்டு போயிடுங்க.

ஆயுத பூஜைக்கு கிட்டாருக்குப் பொட்டு வைக்கலாமா? – ஈரோடு

வைங்க, பெட்டி மேல வைங்க. வழவழன்னு பாலிஷ் போட்ட கிட்டார்னா துடைச்சா போயிடும், மேட் ஃபினிஷா இருந்தா மஞ்சள் கறை அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அப்படியே இருக்கும். ஒருத்தர் தலையில இருக்கற ஆறு சாவிக்கும் சந்தனம் குங்குமம் வச்சு பக்தியா கொண்டு வந்தார், பல்லுச் சக்கரத்துக்குள்ள போய் காஞ்சு இறுகி திருகவே முடியல, பழைய டூத் பிரஷ் வச்சு ஒரு சாயங்காலம் பூரா நோண்டினேன். விபூதியும் வேண்டாம், அது நைசு, நேரா உள்ள போகும்.